உங்கள் பெயருக்கு வில்லங்கம் பார்த்தீர்களா?



நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்த இதழை மடித்து, பின் அடித்து, ஓரம் வெட்டி அனுப்புகிறவர்களில் ஒரு சகோதரி இருக்கிறார். எங்கள் பைண்டிங் பிரிவில் பதினான்கு வருடமாக வேலை பார்ப்பவர். சில மாதங்களுக்கு முன்பு ஒரு மதியம் என் அறை வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"மேடம், இதைப் படிச்சுச் சொல்லுங்க. நான் ஜெயிலுக்குப் போகணுமா?"

உள்ளூர் காவல் நிலையம் வழியாக வந்த நோட்டீஸ் அது. இவர் பெயரில் இருக்கும் ஒரு செல்போன் எண்ணிலிருந்து வேறு மாநிலத்தில் ஒரு பெரியவரை மிரட்டிப் பணம் பறித்திருக்கிறார்கள். விசாரணைக்கு வர வேண்டும் என்று எழுதியிருந்தது. பெயர் இவருடையது. கணவர் பெயர் சரி. கதவு எண், தெரு, பின்கோடு எல்லாம் சரி. அந்த செல்போன் எண்ணை மட்டும் இவர் பார்த்ததே இல்லை.

மெல்ல மெல்லப் பேசியதில் ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. ஒரு வருடத்துக்கு முன்பு பஸ் ஸ்டாண்டு அருகில் குடை விரித்து உட்கார்ந்திருந்த ஒரு பையனிடம் சிம் கார்டு வாங்கியிருக்கிறார். கைரேகை வைத்ததும் அவன், "சரியா விழலைக்கா, இன்னொரு வாட்டி வைங்க" என்றிருக்கிறான். வைத்திருக்கிறார். முதல் ரேகைக்கு வந்த சிம் இவர் போனில் இருக்கிறது. இரண்டாவது ரேகைக்கு இன்னொரு சிம் பிறந்து, அது கைமாறி, எங்கேயோ ஒரு திருட்டுக் கும்பலின் கையில் போய்ச் சேர்ந்திருக்கிறது.

என்னை அதிகம் வருத்தியது அடுத்து அவர் சொன்னதுதான். நோட்டீஸ் வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. "சொன்னா, நீ எங்க போயி எதுல ரேகை வெச்சேன்னு கேப்பாங்க மேடம். எனக்கே தெரியாதே, நான் என்னத்தச் சொல்ல?"

அன்று முதல் இந்தப் பக்கத்தில் உங்களோடு இதைப் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

நாம் அரை கிரவுண்டு மனை வாங்கினாலும் என்ன செய்கிறோம்? முதலில் வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். முப்பது வருடத்துக்கு ஈ.சி. எடுக்கிறோம். மூலப்பத்திரம் கேட்கிறோம். பட்டா யார் பெயரில் இருக்கிறது, அடமானம் ஏதும் உண்டா என்று தெரிந்த வக்கீலிடம் ஒரு தடவைக்கு இரண்டு தடவை காட்டுகிறோம். யாரும் நமக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பத்திரம் என்றாலே நம் வீடுகளில் அத்தனை உஷார்.

அந்த மனையை எந்தப் பெயரில் பதிகிறோமோ, அந்தப் பெயருக்கு வில்லங்கம் பார்த்திருக்கிறோமா? நம் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது, எத்தனை கடன் நிற்கிறது, எங்காவது ஒரு கம்பெனி நடக்கிறதா என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆள்மாறாட்டம் நமக்குப் புதிதல்ல. ஊரில் இல்லாதவரின் நிலத்தை அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு ரெஜிஸ்தர் ஆபீசில் வேறொருவர் போய் நின்று விற்ற கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. 2019-ல் நீட் தேர்வில் ஒருவருக்குப் பதில் இன்னொருவர் எழுதிய வழக்கு நம் மாநிலத்தையே உலுக்கியது. அன்றெல்லாம் ஆள்மாறாட்டம் செய்ய ஒரு ஆள் நேரில் வந்து நிற்க வேண்டியிருந்தது. இன்று ஆளே வேண்டாம். ஆதார் நகல், பான் எண், ஒரு போட்டோ, ஒரு ஓடிபி. நம் பெயர் நம்மை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பிப் போய்விடுகிறது.

பணத்தைத் திருடுவதற்கும் பெயரைத் திருடுவதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. பணம் போனால் காவல் நிலையத்தில் நாம் புகார் கொடுக்கிறவர். பெயர் போய், அந்தப் பெயரில் ஒரு குற்றமும் நடந்துவிட்டால், நாமே சந்தேகத்துக்கு உரியவர். "நான் செய்யவில்லை" என்பதை நாம்தான் எடுத்துச் சொல்லி நிரூபிக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் இதை வெறும் ஆன்லைன் மோசடி என்று நான் பார்க்கவில்லை.

எப்படியெல்லாம் நடக்கிறது? சிம் ஒரு வழி. இரண்டாவது, வங்கிக் கணக்கு. நம் ஆவணங்களை வைத்து ஒரு கணக்கைத் திறந்து, யாரிடமோ ஏமாற்றிய பணத்தை அதில் இறக்கி, அங்கிருந்து வேறு கணக்குகளுக்குத் தள்ளிவிடுகிறார்கள். பணத்தின் தடத்தைப் பிடித்துக்கொண்டு வரும் போலீஸ் வந்து நிற்பது நம் வீட்டு வாசலில்.

மூன்றாவது, போலி நிறுவனம். "லோன் வாங்கித் தர்றோம், உதவித்தொகை வாங்கித் தர்றோம்" என்று பான் கார்டு, ஆதார், ஈ.பி. பில் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். அதைக் காட்டி ஜிஎஸ்டி பதிவு எடுத்து, நடக்காத வியாபாரத்துக்கு பில் போடுகிறார்கள். தினக்கூலிக்குப் போகிறவருக்குக் கோடிக்கணக்கில் வரி பாக்கி என்று நோட்டீஸ் வந்ததாகச் செய்தித்தாளில் படித்து உச்சுக்கொட்டுகிறோம் அல்லவா? அது வரும் வழி இதுதான்.

நான்காவது, கடன் ஆப். நம் பான் எண்ணில் யாரோ வாங்கிய கடன், சில மாதம் கழித்து வசூல்காரரின் மிரட்டலாக நம் போனுக்கு வரும். ஐந்தாவது நம் வண்டி. நம் வண்டியின் எண்ணையே இன்னொருவர் போலி நம்பர் பிளேட்டில் மாட்டிக்கொண்டு ஓட்டினால், நாம் போகாத ஊரில் ஹெல்மெட் போடாததற்கு நமக்கு அபராதம் வரும். அதே வண்டியில் செயின் பறிப்பு நடந்தால் அபராதத்தோடு நிற்குமா?

வண்டி என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பழைய பைக்கைத் தெரிந்தவருக்கு விற்கிறோம். பணம் கைக்கு வந்தது, சாவியைக் கொடுத்தாயிற்று. ஆர்.சி.யில் பெயர் மாற்றினோமா? "அவர் மாத்திக்குவார்" என்று விட்டுவிடுகிறோம். ஆர்.டி.ஓ. கணக்கில் அது நம் வண்டிதான். 2018-ல் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து வழக்கில், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. வண்டி நாலு கை மாறியிருந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் முதல் ஆள்தான்.

நம் பெயர் எங்கே கசிகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஜெராக்ஸ் கடையின் வாட்ஸ்அப்புக்கு ஆதாரை அனுப்பி பிரிண்ட் எடுக்கிறோம். எடுத்த பிறகு அந்த போனிலும் கம்ப்யூட்டரிலும் அது அப்படியே கிடக்கிறது. சரியாக வராத காப்பியைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறோம். லாட்ஜ், வாடகை வீட்டு புரோக்கர், வேலை வாங்கித் தரும் ஏஜென்ட், மகளிர் குழுக் கடன், தவணையில் மிக்ஸி என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் இரண்டு செட் கொடுக்கிறோம். ஒரு செட் கேட்ட இடத்தில்கூட, "இருக்கட்டும், இன்னொண்ணும் வெச்சுக்கோங்க" என்கிறோம்.

திருடு போவது ஒரு பக்கம். நாமே கொடுப்பது இன்னொரு பக்கம். "எனக்கு ஆதார்ல அட்ரஸ் மாத்தணும், அதுவரை உங்க பேர்ல ஒரு சிம் வாங்கிக் கொடுங்க மாமா" என்று கேட்கும் உறவுக்காரப் பையனுக்கு முடியாது என்று சொல்ல நமக்கு வாய் வருவதில்லை. கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளிடம், "உன் அக்கவுன்ட்டையும் ஏ.டி.எம். கார்டையும் மூணு மாசம் கொடு, கமிஷன் தர்றோம்" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பாக்கெட் மணிக்கு ஆசைப்பட்டுக் கொடுக்கும் பிள்ளைக்கு, தன் கணக்கு எதற்குப் பயன்படுகிறது என்று தெரியாது. வழக்கு வரும்போது அந்த வயதும் படிப்பும்தான் பலியாகின்றன. பெற்றோரே, தயவுசெய்து இன்று இரவு சாப்பிடும்போது இதைப் பிள்ளைகளிடம் பேசுங்கள். திட்ட வேண்டாம். சும்மா பேச்சோடு பேச்சாகச் சொல்லுங்கள்.

சரி, வில்லங்கம் பார்ப்பது எப்படி? ஈ.சி. எடுக்க ஆகும் நேரம்கூட இதற்கு ஆகாது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம் போதும். வீட்டில் போன் நன்றாகத் தெரிந்த பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சிம். தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' தளம் 2023-ல் வந்தது. ஆப் ஆகவும் இருக்கிறது. உங்கள் எண்ணைப் போட்டு ஓடிபி கொடுத்தால், உங்கள் பெயரில் ஓடும் எண்களின் பட்டியல் வரும். ஒருவர் பெயரில் நம் மாநிலத்தில் ஒன்பது இணைப்புகள் வரை இருக்கலாம் என்பது விதி. பட்டியலில் உங்களுக்குத் தெரியாத எண் இருந்தால், 'இது என் எண் அல்ல' என்று அங்கேயே குறித்துப் புகார் அனுப்பலாம். எங்கள் சகோதரிக்காக இதைத் திறந்தபோது இரண்டு எண்கள் வந்தன. இரண்டாவதைப் பார்த்ததும் அவர் கை நடுங்கியது.

அடுத்தது கடன். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள் நம் கடன் விவரங்களை வைத்திருக்கின்றன. ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி 2017 முதல் ஒவ்வொரு நிறுவனமும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை நமக்கு இலவசமாகத் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒன்று என்று மாற்றி மாற்றிக் கேட்டால், வருடம் முழுவதும் காவல் இருந்த மாதிரி. ஸ்கோர் எவ்வளவு என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். கீழே இருக்கும் கடன் பட்டியலில் நீங்கள் வாங்காத கடன் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது பான். வருமான வரித் துறையின் தளத்தில், நம் பான் எண்ணில் நடந்த வட்டி, முதலீடு, சொத்துப் பரிமாற்றம் போன்றவற்றை ஆண்டுத் தகவல் அறிக்கையில் பார்க்கலாம். தெரியாத வங்கியிலிருந்து உங்களுக்கு வட்டி வந்ததாக அதில் இருந்தால், அங்கே உங்கள் பெயரில் கணக்கு இருக்கலாம் என்று அர்த்தம். ஜிஎஸ்டி தளத்தில் பான் எண்ணைப் போட்டுத் தேடினால், அந்த எண்ணில் பதிவான நிறுவனங்கள் தெரியும். வியாபாரமே செய்யாதவர் பெயரில் அங்கே ஒன்றும் வரக் கூடாது.

நான்காவது ஆதார். ஆதார் தளத்தில், உங்கள் ஆதாரை எங்கே, எப்போது சரிபார்த்தார்கள் என்பதைக் கடந்த ஆறு மாதத்துக்குப் பார்க்க முடியும். நீங்கள் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் ரேகை எங்காவது வேலை செய்திருக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

பார்த்தாயிற்று. இனி பூட்டுவது. ஆதார் ஆப்பில் கைரேகையையும் கண் ரேகையையும் பூட்டி வைக்கும் வசதி உண்டு. தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். பூட்டியிருக்கும்போது ரேஷன் கடையில் ரேகை வேலை செய்யாது. அதனால் வீட்டில் ரேஷனுக்குப் போகிறவர் ஒருவரைத் தவிர மற்றவர்கள் பூட்டிக்கொள்ளுங்கள். ஆயுள் சான்று கொடுக்க வேண்டிய பென்ஷன்தாரர்கள் அந்த நாளில் மறக்காமல் திறந்துகொள்ளுங்கள்.

எல்லா இடத்துக்கும் முழு ஆதார் எண் தேவையில்லை. கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் ஆதாரை அரசே தருகிறது. அடையாளம் காட்ட அது போதும் என்றால் அதையே கொடுங்கள். நகல் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், அதன் குறுக்கே, எழுத்துகள் மேலேயே படும்படி, "இன்ன தேதி, இன்னாரிடம், இன்ன காரியத்துக்கு மட்டும்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அந்தக் காகிதத்தை வேறொரு காரியத்துக்குத் திருப்புவது அப்புறம் சுலபமில்லை.

சிம் கடையில் இரண்டாவது தடவை ரேகை கேட்டால், "முதல் தடவை என்ன ஆச்சு, ஸ்கிரீனைக் காட்டுங்க" என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் சஞ்சார் சாத்தியில் ஒரு பார்வை. போனில் காரணமில்லாமல் சிக்னல் போய், மணிக்கணக்காகியும் வரவில்லையா? நெட்வொர்க் சரியாகும் என்று காத்திருக்காமல் வேறு போனிலிருந்து கம்பெனிக்குப் பேசுங்கள். உங்கள் எண்ணுக்கு வேறொருவர் புதிதாக சிம் வாங்கியிருக்கலாம்.

வீட்டில் ஒருவர் காலமானால் காரியங்கள் முடிந்த கையோடு அவர் பெயரையும் பத்திரப்படுத்துங்கள். சிம்மை நிறுத்துங்கள், வங்கியில் சொல்லுங்கள், பான் கார்டை வருமான வரி அலுவலகத்தில் ஒப்படையுங்கள். போனவர் வந்து கேட்கப் போவதில்லை என்ற தைரியத்தில்தான் அந்தப் பெயர்களைத் தேடி எடுக்கிறார்கள்.

இனி மிக முக்கியமான இடத்துக்கு வருகிறேன். "உங்கள் ஆதாரைப் பயன்படுத்திக் குற்றம் நடந்திருக்கிறது" என்று போன் வருகிறது. இது உண்மையா, பொய்யா?

இதுவரை படித்ததில் உங்களுக்குக் கொஞ்சம் பயம் வந்திருக்கும். அந்தப் பயத்தையே முதலீடாக வைத்து நடக்கும் மோசடிதான் 'டிஜிட்டல் அரெஸ்ட்'. காக்கிச் சட்டையோடு வீடியோ காலில் வருவார்கள். சி.பி.ஐ. என்பார்கள், கஸ்டம்ஸ் என்பார்கள். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்தது என்பார்கள். கேமராவை அணைக்காதே, யாரிடமும் சொல்லாதே, சரிபார்ப்பதற்காகப் பணத்தை இந்தக் கணக்குக்கு மாற்று என்பார்கள். நம் சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று கிடையவே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே தன் வானொலி உரையில் இதைச் சொல்லி எச்சரித்தார்.

உண்மையான போலீசுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. உண்மையான விசாரணை நோட்டீஸ் காகிதத்தில், வழக்கு எண்ணோடு, காவல் நிலையத்தின் பெயரோடு வரும். விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் அந்த நோட்டீசை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுச் சும்மா இருக்க முடியாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உண்மையான போலீஸ் உங்களிடம் பணம் கேட்காது. வீட்டில் சொல்லக் கூடாது என்றும் சொல்லாது. "யாரிடமும் சொல்லாதே" என்று யார் சொன்னாலும், அந்த நிமிடமே போனை வைத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். போனில் வந்த பெயரையும் நிலையத்தையும் எழுதிக்கொண்டு, உங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் நேரில் போய்க் கேளுங்கள்.

நோட்டீஸ் உண்மைதான் என்று தெரிந்தால்? ஓடாதீர்கள், ஒளியாதீர்கள். குறித்த தேதியில் போவதுதான் நமக்குப் பாதுகாப்பு. போகாமல் இருந்தால், தப்பு செய்யாதவர் மேலும் சந்தேகம் விழும். தனியாகப் போக வேண்டாம். ஒரு வக்கீலோடு போங்கள். "வக்கீலுக்கு நான் எங்க போவேன்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. 1987-ம் ஆண்டு சட்ட உதவிச் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் கிடைப்பார். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். சாட்சியாக விசாரிக்க வேண்டிய பெண்களையும் 60 வயதைக் கடந்த ஆண்களையும் காவல் நிலையத்துக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, அவர்கள் இருக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது.

நோட்டீஸ் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் பெயர் திருடு போனது தெரிந்த உடனே நீங்களே முந்திக்கொண்டு புகார் கொடுங்கள். பணம் போயிருந்தால் முதல் வேலை சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு போன். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்தப் பணம் அடுத்த கணக்குக்குப் போகுமுன் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு. வங்கிக்கும் எழுத்தில் சொல்லுங்கள். நம் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் நடந்த மின்னணு மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், அந்த இழப்பு வாடிக்கையாளருடையது அல்ல என்று ரிசர்வ் வங்கி 2017-லேயே விதி வகுத்திருக்கிறது.

அடுத்து மத்திய அரசின் சைபர் க்ரைம் புகார் தளத்திலும், மாவட்ட சைபர் க்ரைம் காவல் நிலையத்திலும் புகார். எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். "இது எங்க லிமிட் இல்லை" என்று திருப்பி அனுப்பக் கூடாது என்பதைப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் எழுத்திலேயே வைத்திருக்கிறது. மனு ரசீதான சி.எஸ்.ஆர். வாங்காமல் வெளியே வராதீர்கள். எஃப்.ஐ.ஆர். போட்டால் அதன் நகல் உங்களுக்கு இலவசம். மனுவை வாங்க மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம்.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. இன்னொருவரின் மின்னணு அடையாளத்தைத் திருடிப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் மூன்று வருடம் வரை சிறையும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆள்மாறாட்ட மோசடிக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 319-வது பிரிவில் ஐந்து வருடம் வரை தண்டனை. ஏமாற்றி சிம் வாங்குவதற்கு 2023-ம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டத்தில் மூன்று வருடம் வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். மனுவில் இந்தப் பிரிவுகளைக் குறிப்பிட்டு எழுதினால், வாங்குகிறவரும் கவனமாகப் படிப்பார்.

நம் வங்கிக் கணக்கே முடங்கிப்போனால்? பால்காரருக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் எங்கே போவது? வங்கியில் சண்டை போடுவதில் பயனில்லை. எந்த மாநிலத்தின் எந்தக் காவல் நிலையம், என்ன புகார் எண், எவ்வளவு தொகை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்த விசாரணை அதிகாரிக்கு உங்கள் விளக்கத்தையும் ஆதாரங்களையும் மெயிலிலும் ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்புங்கள். சந்தேகப்படும் தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியை விடுவிக்கக் கேளுங்கள். 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் அப்படித்தான் உத்தரவிட்டது.

வாங்காத கடன் உங்கள் பெயரில் இருந்தால், அதைக் கொடுத்த நிறுவனத்துக்கும், அறிக்கை தந்த நிறுவனத்துக்கும் சி.எஸ்.ஆர். நகலோடு ஆட்சேபம் எழுதுங்கள். முப்பது நாளுக்குள் தீர்க்க வேண்டும். தவறினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறை. "மிரட்டல் தாங்கலை, கட்டித் தொலைச்சிடலாம்" என்று மட்டும் முடிவெடுக்காதீர்கள். நாம் வாங்காத கடனில் ஒரு தவணை கட்டினாலும், அது நம் கடன்தான் என்று ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும்.

இதெல்லாம் ஒரே நாளில் தீருகிற வேலை இல்லை. மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். இதைச் சொல்லாமல் மறைத்தால் நான் உங்களிடம் உண்மையாக இருந்தவள் ஆக மாட்டேன். அலைச்சலைத் தாங்க இரண்டு விஷயம் உதவும். ஒன்று, ஒரு நோட்டு. எந்தத் தேதியில் யாரைப் பார்த்தோம், என்ன சொன்னார்கள், என்ன ரசீது கொடுத்தார்கள் என்று எல்லாவற்றையும் அதில் எழுதுங்கள். இன்னொன்று, வீட்டு மனிதர்கள்.

அந்த இரண்டாவதைப் பற்றித்தான் உங்களிடம் அழுத்திக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் நகை தொலைந்தால் எல்லோருமாகச் சேர்ந்து கட்டிலுக்கு அடியில் தேடுகிறோம். பெயர் தொலைந்தால் மட்டும் ஏன், "நீ எதுக்குக் கொடுத்தே?" என்று முதலில் கேட்கிறோம்? அந்தக் கேள்விக்குப் பயந்துதானே எங்கள் சகோதரி ஒன்பது நாள் வாய் திறக்காமல் இருந்தார்? திருடனுக்கு அந்த ஒன்பது நாளைப் பரிசாகக் கொடுத்தது நம் வீடுகளில் பழகிப்போன அந்த ஒரு கேள்வி. அடுத்த முறை உங்கள் அம்மாவோ, மாமனாரோ, மகனோ தயங்கித் தயங்கி ஏதாவது சொல்ல வந்தால், முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். அப்புறம் "சரி, வா பார்க்கலாம்" என்று சொல்லுங்கள்.

எங்கள் சகோதரி என்ன ஆனார் என்று கேட்பீர்கள். அன்று மாலையே அவர் கணவரை அலுவலகத்துக்கு வரச் சொல்லிப் பேசினோம். கேட்டுவிட்டு அவர் மனைவியிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "இதைச் சொல்ல இத்தனை நாளா?" சட்ட உதவி வக்கீலோடு இருவருமாகப் போய் விளக்கம் எழுதிக் கொடுத்தார்கள். அந்த எண் துண்டிக்கப்பட்டது. வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் அவர் இப்போது அந்த வழக்கில் ஒரு சாட்சி.

நான் சொன்ன அந்த நோட்டை அவர் கடையில் வாங்கவில்லை. பிரஸ்ஸில் வெட்டி விழுந்த தாள்களை அடுக்கி, நூல் கோத்து, காலிகோ துணி ஒட்டித் தானே தைத்துக்கொண்டார். முதல் பக்கத்தில் வீட்டில் உள்ள ஐந்து பேரின் பெயர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சிம், கடன், பான், ஆதார் என்று நான்கு கட்டம். பொங்கலுக்கு ஒரு முறை, ஆடிப்பெருக்குக்கு ஒரு முறை பார்த்துத் தேதி போடுகிறார். மாமியார் பெயருக்கும் போட்டிருக்கிறார்.

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய நோட்டு இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை அதன் முதல் பக்கத்தில் எல்லோர் பெயரையும் எழுதுங்கள். பார்த்து முடித்ததும் உங்கள் அனுபவத்தை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்